கட்டளை எழுதக் கற்பது: வீட்டுக் கணினிக்கு எவ்வளவு தேவை?

இன்று கடையில் வாங்கும் எந்த மடிக்கணினியிலும், படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரைக்கு அடியில், எழுத்துகளால் மட்டுமே இயங்கும் ஒரு சாளரம் இருக்கிறது. விண்டோஸில் அதற்குக் கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல் என்று இரண்டு வடிவங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினல். திறந்தால் மெனு இல்லை, ஐகான் இல்லை. ஒரு சிறு கோடு மின்னி மின்னிக் காத்திருக்கும். கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினால் வேலை நடக்கும். கணினியை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களிலேயே பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

மவுஸ் வீட்டுக்குள் வந்து நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் கணினி நிறுவனங்கள் இந்தச் சாளரத்தைக் கைவிடாதது ஏன்? மென்பொருள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், குடும்பப் புகைப்படங்களையும் வரவுசெலவையும் பிள்ளைகளின் பாடங்களையும் கணினியில் வைத்திருப்பவர், இதைக் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறார்? எப்படிக் கற்றால் மனதில் நிற்கும்? எங்கே கை சுடும்? அறுபது ஆண்டு வரலாற்றையும், மனிதர்கள் கணினியைக் கற்கும் விதம் பற்றிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இவற்றுக்குத் தெளிவான பதில்களே கிடைக்கின்றன. கட்டளைகளை மனப்பாடம் செய்வது இதில் சிறிய பகுதி. என்டரைத் தட்டுவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒத்திகை பார்க்கும் பழக்கம்தான் பெரிய பகுதி.

பெயர்கள் ஏன் இத்தனை குட்டை?

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. அதுவரை துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள், முதன்முறையாகத் தட்டச்சுப்பொறி போன்ற கருவியின் முன் உட்கார்ந்து கட்டளையிட்டு உடனே பதில் வாங்கினார்கள். அங்கே பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் லூயி பூசான், கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து மொத்தமாக ஓட்டும் ரன்காம் என்ற நிரலை உருவாக்கினார். ஒருமுறை எழுதிய வேலையை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யவைக்கலாம் என்பது அங்கேயே தொடங்கிவிட்டது. கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலை ஷெல் என்று அழைக்கும் வழக்கமும் பூசானிடமிருந்து வந்ததே.

1969இல் நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்கள் முன்னால் இருந்தது டெலிடைப் மாடல் 33. நொடிக்குப் பத்து எழுத்துதான் அச்சடிக்கும், விசைகளை ஆழமாக அழுத்த வேண்டும், சத்தமும் அதிகம். அப்படிப்பட்ட கருவியில் நாள் முழுக்கத் தட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் செலவு. பட்டியலிட 'எல்எஸ்', நகலெடுக்க 'சிபி', நகர்த்த 'எம்வி', அழிக்க 'ஆர்எம்' என்று இரண்டிரண்டு எழுத்துகளில் பெயர்கள் அமைந்த சூழல் இது. (கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம், கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.) டெலிடைப் மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன, குட்டைப் பெயர்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன.

வீட்டுக்குக் கணினி வந்ததும் கட்டளையோடுதான் வந்தது. 1977இல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் விற்பனைக்கு வந்தன. சுவிட்சைப் போட்டால் பேசிக் மொழி தயாராக நிற்கும். எதையாவது எழுதாமல் அந்தக் கணினியால் ஒரு பயனும் இல்லை. 1981இல் பிரிட்டனில் வந்த பிபிசி மைக்ரோவும் அந்த வகையே. 1984இல் இந்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினித் திட்டத்தில் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்ததும் அந்த பிபிசி மைக்ரோதான்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி டாஸுடன் வெளிவந்தது. அதன் கட்டளைமுறை, கேரி கில்டால் 1974இல் எழுதிய சிபி/எம் என்ற அமைப்பைப் பெரிதும் பின்பற்றியது. 1990களில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூட முளைத்த கணினிப் பயிற்சி மையங்களில் டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்ற வரிசை ஒரு தலைமுறைக்கே பழக்கம். தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் முடித்த கையோடு அங்கே சேர்ந்தவர்கள் ஏராளம். 'டிர்' தட்டினால் பட்டியல், 'சிடி' தட்டினால் இடமாற்றம் என்பது அவர்களுக்கு இன்றும் விரல்நுனியில் இருக்கும்.

அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம் 1973இல் உருவாக்கிய ஆல்டோவில் மவுஸும் சாளரங்களும் வந்துவிட்டன. 1984 ஜனவரியில் வந்த மேக்கின்டாஷில் கட்டளைச் சாளரமே கிடையாது. அதன் முதல் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளைக்கூட வைக்கவில்லை. எல்லோரும் மவுஸுக்குப் பழகியே ஆக வேண்டும் என்பதில் ஆப்பிள் அவ்வளவு உறுதியாக இருந்தது. 1995இல் விண்டோஸ் 95 வந்ததும் வீடுகளில் டாஸின் காலம் ஏறக்குறைய முடிந்தது.

முடிந்ததாகத் தோன்றியது திரும்பி வந்தது. 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது அதன் அடித்தளம் யூனிக்ஸ்; டெர்மினலும் உடன் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2006இல் ஜெஃப்ரி ஸ்னோவர் வடிவமைத்த பவர்ஷெல்லை வெளியிட்டது; 2016இல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஷெல்லை இயக்க வழி செய்தது. மவுஸின் பக்கம் முழுதாகச் சாய்ந்த இரு நிறுவனங்களும் எழுத்துக் கட்டளைக்கு மீண்டும் இடம் கொடுத்தன. ஒரு வேலையை நூறு கோப்புகளுக்குச் செய்யவும், அதே வேலையை அடுத்த மாதம் பிசகாமல் திரும்பச் செய்யவும், செய்த முறையை இன்னொருவருக்கு அனுப்பவும் கட்டளையைப் போலக் கைகொடுக்கும் வழி வேறு அமையவில்லை.

சிரமம் உண்மையில் எங்கே?

1981 நவம்பரில் டேட்டமேஷன் இதழில் டொனால்ட் நார்மன் யூனிக்ஸை வெளுத்து வாங்கினார். அப்போது அவர் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். அமைப்பின் உள்வடிவம் நேர்த்தியானது, பயன்படுத்துபவர் பார்க்கும் முகம் மோசமானது என்பது அவர் வாதம். கோப்பில் இருப்பதைக் காட்டும் கட்டளைக்குக் 'கேட்' என்று பெயர், சுருக்கங்களில் ஒழுங்கில்லை, வேலை முடிந்தாலும் கணினி வாய் திறப்பதில்லை. இந்தக் கடைசிக் குறை புதியவர்களை இன்றும் திணறடிக்கிறது. யூனிக்ஸ் மரபில் மௌனம் என்றால் வெற்றி. பதிலே வராததைப் பார்த்து, கட்டளை எடுபடவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தட்டுகிறவர்கள் உண்டு.

பெயர்களை மாற்றினால் சரியாகிவிடுமா? ஜார்ஜ் ஃபர்னாஸ், தாமஸ் லாண்டவர், லூயிஸ் கோமஸ், சூசன் டுமே ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. ஒரே பொருளுக்கோ செயலுக்கோ இரண்டு பேர் தாமாகப் பெயர் வைக்கும்போது, இருவரும் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் 'சரியான' பெயர் என்று ஒன்று கிடையாது. ஒரே செயலுக்குப் பல பெயர்களை ஏற்றுக்கொள்வதே வழி என்றார்கள். பவர்ஷெல்லில் 'டிர்' தட்டினாலும் 'எல்எஸ்' தட்டினாலும் ஒரே பட்டியல் வருவது இந்த வழியில்தான்.

எழுத்துக் கட்டளையா, மெனுவா, படமா, எது எளிது என்ற சண்டைக்கும் ஒரு பதில் உண்டு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஜான் வைட்சைடும் சக ஆய்வாளர்களும் 1985இல் இந்த மூன்று வகைகளையும் சேர்ந்த ஏழு அமைப்புகளை ஒப்பிட்டார்கள். அமைப்புக்கு அமைப்பு பெரிய வேறுபாடு இருந்தது. ஆனால் அது வகையைப் பொறுத்து வரவில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு கவனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தே வந்தது. புதியவர்களுக்குப் படமே நல்லது என்று அன்று எல்லோரும் நம்பியதற்கு அந்தச் சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் கற்பவரைத் தடுக்கும் சுவர் எது? முதலாவது, இடம். ஷெல் எப்போதும் ஏதோ ஒரு கோப்புறைக்குள் நின்றுகொண்டிருக்கிறது. தட்டும் கட்டளை அந்த இடத்தைச் சார்ந்தே பலிக்கும். மவுஸ் திரையில் அந்த இடம் கண்முன் விரிந்து கிடக்கும். இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியோடு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் பலருக்குக் கோப்புறைக்குள் கோப்புறை என்ற கருத்தே பிடிபடவில்லை என்று பேராசிரியர்கள் சொன்னதை 2021இல் தி வெர்ஜ் இதழ் விரிவாக எழுதியது. கேலரி, டவுன்லோட்ஸ், தேடல் பெட்டி என்று பழகியவர்களுக்குக் கோப்பு 'எங்கே' இருக்கிறது என்ற கேள்வியே எழுவதில்லை.

இரண்டாவது, இலக்கணம். முதல் சொல் செய்ய வேண்டிய வேலை, அடுத்து சிறுகோட்டுடன் வரும் விருப்பங்கள், பிறகு கோப்புகளின் பெயர்கள். சொற்களைப் பிரிப்பது இடைவெளி. எனவே 'கல்யாணப் படங்கள்' என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்த கோப்புறையை ஷெல் இரண்டு சொற்களாகப் படித்து, அப்படி எதுவும் இல்லை என்று கைவிரித்துவிடும். மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒழுங்காகப் படிக்கும். இந்த ஒரு விதி தெரியாமலே டெர்மினலை மூடிவிட்டுப் போனவர்கள் பலர்.

ஒரு நாளின் படங்கள்

மூன்றாவது கருத்தை ஒரு வேலையின் வழியாகப் பார்ப்பதே நல்லது. கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றிய சில ஆயிரம் படங்கள் ஒரே கோப்புறையில் குவிந்து கிடக்கின்றன. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் 'ஐஎம்ஜி_' என்று தொடங்கி, ஆண்டு, மாதம், நாள், நேரம் என்று கோப்புக்குப் பெயர் வைக்கும். 2025 பொங்கலன்று எடுத்தவை எல்லாம் 'ஐஎம்ஜி_20250114' என்று தொடங்கும். அவற்றை மட்டும் 'பொங்கல்' என்ற கோப்புறைக்கு மாற்ற வேண்டும். மவுஸால் என்றால் உருட்டி, தேர்ந்தெடுத்து, இழுத்துப் போட வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே வரி:

எம்வி ஐஎம்ஜி_20250114* பொங்கல்/

இதில் வேலை செய்வது அந்த நட்சத்திரக் குறி. 'இப்படித் தொடங்கி, பின்னால் எப்படி முடிந்தாலும் சரி' என்பது அதன் பொருள். புதியவர்கள் அறியாத செய்தி, அந்த நட்சத்திரத்தை எம்வி பார்ப்பதே இல்லை என்பது. ஷெல் முதலில் கோப்புறையைத் துழாவி, பொருந்தும் எல்லாப் பெயர்களையும் அந்த இடத்தில் விரித்து எழுதி, நீண்டுபோன அந்த வரியைத்தான் எம்வியிடம் கொடுக்கிறது. டாஸிலும் விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்டிலும் இது தலைகீழ். நட்சத்திரத்தை அந்தந்தக் கட்டளையே விரித்துக்கொள்ளும். எல்லா உரைக்கோப்புகளின் பின்னொட்டையும் 'ரென்' கட்டளையின் ஒரே வரியில் மாற்றிப் பழகிய டாஸ்காரர், அதே பாணியில் லினக்ஸில் எம்வி எழுதித் தோற்பது இதனால்தான்.

விரிப்பது ஷெல் என்று தெரிந்ததும் ஒத்திகைக்கு வழி பிறந்துவிடுகிறது. அதே வரியின் முன்னால் 'எக்கோ' என்ற சொல்லைச் சேர்த்தால் எதுவும் நகராது. விரிந்த வரி மட்டும் திரையில் தெரியும். எந்தெந்தப் படங்கள் சிக்கியிருக்கின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டு, மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியைத் திரும்ப வரவழைத்து, எக்கோவை நீக்கிவிட்டு என்டர் தட்டலாம்.

கோப்புறைப் பெயருக்குப் பின்னால் உள்ள சாய்கோடும் அலங்காரத்துக்கு வந்ததல்ல. பொங்கல் என்ற கோப்புறையை இன்னும் உருவாக்கவில்லை, அந்த நாளில் எடுத்த படமும் ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். சாய்கோடு இல்லாமல் எழுதினால், அந்தப் படத்தின் பெயரையே 'பொங்கல்' என்று மாற்றிவிட்டு எம்வி மௌனமாக இருந்துவிடும். சாய்கோடு இருந்தால் அப்படிக் கோப்புறை இல்லை என்று பிழை காட்டி நிற்கும். ஒரு குறியில் இவ்வளவு காவல்.

அடுத்த படி, கட்டளைகளைக் கோப்பது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று இணைப்பதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மக்கில்ராய் 1964இலேயே எழுதினார். 1973இல் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். செங்குத்துக் கோடுதான் அந்த இணைப்பு:

எல்எஸ் | கட் -சி5-12 | சார்ட் | யூனிக் -சி

எல்எஸ் பெயர்களைப் பட்டியலிடுகிறது. கட், ஒவ்வொரு பெயரிலும் 5 முதல் 12 வரையுள்ள எழுத்துகளை, அதாவது தேதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. சார்ட் அவற்றை வரிசைப்படுத்துகிறது. யூனிக், ஒரே தேதி எத்தனை முறை வந்தது என்று எண்ணிச் சொல்கிறது. எந்த நாளில் எத்தனை படம் எடுத்தோம் என்ற கணக்கு ஒரு நொடியில் வந்துவிடும். 'நாள்வாரியாகப் படங்களை எண்ணு' என்ற பொத்தானை எந்த நிறுவனமும் வைத்துத் தரவில்லை. இருக்கிற நான்கு சிறு கருவிகளைக் கொண்டு அதை வீட்டிலேயே செய்துகொள்ள முடிகிறது. பெரும்பாலான கட்டளைகளைக் கற்பதன் பலன் வேகம்தான். கோக்கக் கற்றவருக்கோ, தமக்கு வேண்டிய கருவியைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் வல்லமை வருகிறது.

தமிழ்ப் பெயர்களின் தனிச் சிக்கல்

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதில் தடை எதுவும் இல்லை. ஆனால் டெர்மினல் தன் திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் பிறந்தது. 'ர' ஒடுக்கம், 'ண' அகலம். கொம்பு சேமிப்பில் மெய்க்குப் பின்னால் இருக்கும், திரையில் முன்னால் வர வேண்டும். இதனால் சில டெர்மினல்களில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, மின்னும் கோடு வேறு இடத்தில் நிற்கிறது. சில டெர்மினல்கள் நன்றாகவே காட்டுகின்றன. ஒன்று சரிவராவிட்டால் வேறொன்றை முயன்று பார்ப்பதே நடைமுறைத் தீர்வு.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. யூனிகோடில் 'பொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: பகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறைமை, 2017இல் புதியது வரும்வரை, பெயர்களைப் பிரித்தே சேமித்தது. நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்த்தே தருகின்றன. பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கு வந்த 'பொங்கல்' கோப்புறைக்குள் நுழைய 'சிடி பொங்கல்' என்று தட்டினால், கண்முன் பட்டியலில் தெரியும் பெயரையே இல்லை என்று கணினி சொல்லிவிடும். 'ப' மட்டும் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயரை ஷெல்லே சரியாக நிரப்பிக்கொள்ளும். தமிழில் பெயர் வைப்பவர்கள் முதல் நாளே டேப் விசைக்குப் பழகிவிடுவது நல்லது.

கை சுடும் இடங்கள்

'ஆர்எம்' அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. விண்டோஸின் 'டெல்' கட்டளையும் அப்படியே. எல்லா ஜேபெக் படங்களையும் அழிக்க நினைத்து, நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் தெரியாமல் ஓர் இடைவெளி விட்டுவிட்டால், இலக்கணப்படி அது இரண்டு சொல். தனித்து நிற்கும் நட்சத்திரம் கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளாகவும் விரியும், எல்லாம் போய்விடும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ தட்டிய அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறையத் தொடங்கியது. காப்புநகலை எடுத்துப் பார்த்தால் அதுவும் ஒழுங்காக இல்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வை சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள்.

காப்புநகல் எடுக்கும் கட்டளையிலேயே கண்ணி இருக்கிறது. விஸ்டா காலம் தொட்டு விண்டோஸோடு வரும் 'ரோபோகாப்பி', வீட்டுப் படங்களை வெளி வட்டுக்கு நகலெடுக்க அருமையான கருவி. அதில் 'எம்ஐஆர்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் இரு பக்கத்தையும் அச்சு அசலாக ஒன்றாக்கும். மூலத்தில் இல்லாதவற்றை இலக்கில் அழிக்கும். மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதிவிட்டால், காலியான புது வட்டைப் பார்த்து வீட்டுக் கோப்புறையே காலியாகும். இதற்கும் ஒத்திகை உண்டு: 'எல்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், செய்யப் போவதைப் பட்டியலாகச் சொல்லிவிட்டு ஒன்றையும் தொடாது. லினக்ஸின் 'ஆர்சிங்க்' கட்டளையில் சிறுகோடு என். பவர்ஷெல்லின் பல கட்டளைகளில் 'வாட்இஃப்'. ஆர்எம், எம்வி ஆகியவற்றுக்குச் சிறுகோடு ஐ கொடுத்தால் ஆர்எம் அழிக்கும் முன்பும், எம்வி மேலெழுதும் முன்பும் கேட்கும். கருவியை எழுதியவர்கள் இந்த வசதிகளைத் தவறாமல் வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர்கள் இவற்றைக் கடைசிப் பாடத்துக்குத் தள்ளிவிடாமல் முதல் பாடத்திலேயே சொல்ல வேண்டும்.

அண்மையில் இன்னொரு ஆபத்து சேர்ந்திருக்கிறது. 2024 முதல் பரவிவரும் ஒரு மோசடியில், 'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபியுங்கள்' என்று ஒரு போலிப் பக்கம் வரும். விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் என்று மூன்று படிகள் சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். படிகளைச் செய்பவர் தம் கையாலேயே கடவுச்சொல் திருடும் நிரலை இறக்கி ஓடவிடுகிறார். கட்டளை என்றால் என்னவென்று அறவே தெரியாதவர்தான் இதில் எளிதாகச் சிக்குவார். டெர்மினல் பக்கமே போகாதவருக்கும் அடிப்படை அறிவு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

எப்படிக் கற்கிறார்கள், எதிலிருந்து கற்கலாம்?

ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரல், 1980களில் அலுவலகப் பணியாளர்கள் கணினி கற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். கையேட்டை வரிசையாகப் படிப்பவர் அரிது. தம் வேலையை முடிக்கத் துடிக்கிறார்கள், நடுவில் தாவுகிறார்கள், பிழையில் மாட்டி வெளிவரத் தெரியாமல் தவிக்கிறார்கள். அதனால் அவர் கையேட்டைச் சுருக்கினார். உண்மையான வேலைகளைக் கொடுத்தார். பிழை வந்தால் மீள்வது எப்படி என்பதைப் பாடத்துக்குள்ளேயே வைத்தார். ஆபத்தான வசதிகளைத் தற்காலிகமாகப் பூட்டிவைத்த பயிற்சி வடிவம் ஒன்றையும் 1984இல் சோதித்தார். கற்பவர்கள் விரைவாகக் கற்றார்கள். 1990இல் வந்த அவரது 'நூரன்பெர்க் ஃபன்னல்' நூல் இந்த அனுபவங்களின் தொகுப்பு.

அந்தப் பாடத்தை இன்றைய வீட்டுக்குப் பொருத்துவது எளிது. அழிந்தால் கவலையில்லாத இடத்தில் தொடங்க வேண்டும். 2012 பிப்ரவரியில் வந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினி இதற்கு வாகானது. அதன் அமைப்பு முழுவதும் ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையில் இருப்பதால், குழப்பிவிட்டால் அட்டையைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால் விண்டோஸுக்குள் இயங்கும் லினக்ஸ், அல்லது ஒதுக்கிவைத்த பழைய மடிக்கணினி. கணினியே இல்லாதவர்கள் டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியால் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே பழகலாம். சொந்தப் படங்களின் ஒரு நகலை அங்கே வைத்துக்கொண்டு, சொந்த வேலை ஒன்றை முடிக்க முயல வேண்டும்.

படிக்கவும் குறைவில்லை. வில்லியம் ஷாட்ஸின் 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விஞ்ஞானிகளுக்காக 1998இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரியின் ஷெல் பாடம், கடல் உயிரியலாளர் ஒருவரின் கோப்புகளை ஒழுங்குசெய்யும் ஒரே வேலையைச் சுற்றிச் சுழல்கிறது. கேரலின் வழி அது. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் கட்டளைகள் பற்றிய சிறு காணொளிகள் தமிழ்க் குரலிலும் உள்ளன. நிறுத்தி, பக்கத்துச் சாளரத்தில் செய்துபார்த்து, மேலே போவதற்கென்றே தயாரிக்கப்பட்டவை. 2012இல் தொடங்கிய கணியம் இதழும் அதன் இலவச மின்னூல்களும் கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் விளக்கிவருகின்றன. கணினிக்குள்ளேயே 'மேன்' பக்கங்கள் இருக்கின்றன. 1971இல் யூனிக்ஸின் முதல் கையேடாகத் தொடங்கிய அவை, கட்டளையை ஏற்கெனவே ஓரளவு அறிந்தவர் சரிபார்க்க ஏற்றவை. முதல் பாடமாக அவற்றைப் படிக்கத் தொடங்குபவர் சீக்கிரமே சோர்ந்துவிடுவார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் கேள்வியின் ஒரு பாதி மாறிவிட்டது. 'கச்சேரிக் காணொளிகளிலிருந்து ஒலியை மட்டும் எடுக்க வேண்டும்' என்று தமிழில் கேட்டாலே, எஃப்எஃப்எம்பெக் என்ற கருவிக்கான வரி வந்துவிடுகிறது. ஃபர்னாஸ் குழு சொன்ன பெயர்ச் சிக்கல் ஏறக்குறையத் தீர்ந்தது. பெயர் தெரியாமலே வேலையைச் சொல்லலாம். வந்த வரி எந்தக் கோப்புறையில் பாயும், நட்சத்திரம் எதுவாக விரியும், எதையாவது மேலெழுதுமா என்பது மட்டும் தீரவில்லை. அந்த உதவியாளருக்கு, நாமாகச் சொல்லாவிட்டால், நம் வட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இல்லாத விருப்பங்களை இருப்பதாகச் சொல்லிவிடவும் செய்யும். எழுதும் பாரம் குறைந்து, படித்துப் புரிந்துகொள்ளும் பொறுப்பு கூடியிருக்கிறது.

யாருக்கு, எவ்வளவு?

கடிதம் எழுதுவதும் படம் பார்ப்பதும் மட்டுமே வேலை என்றால் மவுஸ் போதும்; படத்தை வெட்டி அழகுபடுத்தக் கண்ணும் கையும்தான் வேண்டும், அங்கே கட்டளை உதவாது. கோப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போதும், ஒரே வேலை மாதந்தோறும் திரும்பி வரும்போதும் கட்டளைக்கு நிகரில்லை. கோவில் மலர்க்குழுவின் வசூல் பட்டியல், பழைய ஒலிநாடாக்களை எண்ணிமமாக்கிய தொகுப்பு, வீட்டு மின்கட்டண ரசீதுகள் என்று எதை வைத்திருப்பவரும் இந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடுவார். அவருக்கு வேண்டியவை பத்துப் பன்னிரண்டு கட்டளைகளும் மூன்று கருத்துகளும்: நிற்கும் இடம், சொற்களின் இலக்கணம், நட்சத்திரத்தின் விரிவு. சரியாக வந்த வரிகளை ஓர் உரைக்கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மேலே '#' குறியிட்டு அது எதற்கு என்று தமிழில் ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு தேதியை மாற்றி ஓட்டலாம். வீட்டில் மற்றவர்களும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

தமிழில் இனி எழுதப்படும் கையேடுகளுக்கும் பள்ளிப் பாடங்களுக்கும் இதிலிருந்து சில வேலைகள் காத்திருக்கின்றன. கட்டளைகளின் அட்டவணையை அச்சிடுவதோடு நிற்காமல், 'அப்படிக் கோப்பு இல்லை', 'அனுமதி இல்லை', 'கட்டளை கிடைக்கவில்லை' என்ற மூன்று பிழைச் செய்திகளும் எப்போது வரும், வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று விளக்க வேண்டும். தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைக் கொண்டே பயிற்சிகளை அமைக்க வேண்டும். அழிக்கும் கட்டளையைச் சொல்லித்தரும் பக்கத்திலேயே அதன் ஒத்திகை முறையையும் அச்சிட வேண்டும். இந்த மூன்றும் அமைந்த ஒரு மெல்லிய நூல், வீட்டில் கணினி வைத்திருப்பவர் ஒரு மாதத்து மாலைகளில் செய்து முடிக்கக்கூடியதாக, தமிழில் வர வேண்டும்.